திருப்பிச் சொல்லுங்க

அத்தை அன்று மாலை ஆறேகால் மணிக்கு இறந்துபோனார். அந்த மாதத்தில் அது பதினேழாவது முறை.

இறந்தவர் கூடத்து சோபாவில் இரண்டு நிமிடம் அசையாமல் கிடந்தார். பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்து, இந்தத் தடவை எதனால் என்று விசாரித்தார். ஆக்சிஜன் போதவில்லை என்றார் மகன். அவர் கையில் கேள்வி அட்டை இருந்தது. அத்தை எழுந்து, கழற்றி வைத்திருந்த பல் செட்டை டம்ளரிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டு, சுவர்க் காலண்டரில் அன்றைய தேதிக்கு மேல் ஒரு சின்னப் பெருக்கல் குறி போட்டார். மருமகள் பரீட்சைக்குத் தயாராகத் தொடங்கிய நாளிலிருந்து அவர் இந்தக் கணக்கை ஒழுங்காக வைத்திருக்கிறார்.

மருமகள் மயக்கம் கொடுக்கும் டாக்டர். அடுக்குமாடியில் எல்லோருக்கும் அவள் 'மயக்க டாக்டர்'தான். மூன்று வருடம் படித்து, எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கி, வைவா என்கிற வாய்மொழித் தேர்விலும் செய்முறையிலும் இரண்டு தடவை தவறியிருந்தாள். மூன்று வாய்ப்புதான் தருவார்கள். ஆறு வாரத்தில் வரப்போவது மூன்றாவது. அதுவும் போனால் ஆபரேஷன் தியேட்டருக்குள் அவளுக்கு வேலை இல்லை. வெளிநோயாளிகள் பிரிவில் உட்கார்ந்து இருமலுக்கு மருந்து எழுதலாம், அதற்குத் தடையில்லை. ஆனால், முன்பின் தெரியாத ஒருவர் "பயமா இருக்கு டாக்டர்" என்று சொல்லிக்கொண்டே கண்ணை மூடுவதும், அந்த நொடியிலிருந்து அவருடைய மூச்சு தன் கையில் இருக்கும் பைக்குள் வந்து போவதும், ஒரு மணி நேரம் கழித்து அதைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுப்பதும் அவளுக்குப் பிடித்திருந்தது. வேறு எதைப் பற்றியும் அவள் அவ்வளவு பிடிவாதமாக இருந்ததில்லை.

அத்தைதான் வீட்டு நோயாளி. நோயாளிக்கு வேண்டிய லட்சணம் எல்லாம் அவரிடம் இருந்தது. பல் செட், ஆடுகிற இரண்டு கீழ்ப் பற்கள், குட்டைக் கழுத்து, லேசான ரத்த அழுத்தம், எதைக் கேட்டாலும் நீளமாகப் பதில் சொல்லும் பழக்கம். மயக்கத்துக்கு முன்னால் பால் காபி குடித்தால் ஆறு மணி நேரம் காத்திருக்க வேண்டும், கறுப்புக் காபி என்றால் இரண்டு மணி நேரம் போதும் என்று தெரிந்த நாளிலிருந்து அவர் கறுப்புக் காபிக்கு மாறியிருந்தார். மூச்சு வழி அடைபட்டால் அவசரத்துக்குக் கத்தி வைக்க வேண்டிய இடம் என்று மருமகள் அவர் கழுத்தில் கண் மை பென்சிலால் கோடு போட்டுப் பழகுவாள். அந்தக் கோட்டோடு கடைக்குப் போய் வந்து, "அந்தக் கடைக்காரன் என் முகத்தையே பாக்கல, கழுத்தைத்தான் பாத்தான்" என்று சொல்லியிருக்கிறார்.

அட்டையைப் பார்த்துக் கேள்வி கேட்பது கணவர். மருமகள் பதிலில் தவறினால் அத்தை செத்தாக வேண்டும். அவருக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. தெருவில் 'லிஃப்ட்காரர்' என்றால்தான் தெரியும். ஒரு வருடமாக அட்டை படித்துப் படித்து, மானிட்டரில் கார்பன் டை ஆக்சைடு கோடு படுத்துவிட்டால் டியூப் மூச்சுக்குழாயில் இல்லை என்பது வரை அவருக்கு அத்துப்படி. ஒரு தடவை மூன்றாம் மாடி லிஃப்டின் கதவு திறக்காதபோது, "கோடு படுத்துடுச்சு" என்று தன் கூட்டாளியிடம் சொல்லிவிட்டார். கூட்டாளிக்குப் புரியவில்லை. ஆனால் நிலைமை மோசம் என்று தெரிந்தது.

அன்று அவர் அட்டையைக் கீழே வைக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினேழு தடவையில் பதினாறு தடவை அம்மா ஒரே இடத்தில்தான் செத்திருக்கிறார் என்றார். டியூப் போகவில்லை, மாஸ்க் வழியாகவும் காற்று போகவில்லை, ஆக்சிஜன் இறங்குகிறது என்கிற இடத்தில். அட்டையில் அதற்கு முதல் வரி 'உதவிக்கு ஆள் கூப்பிடவும்'. அதை அவள் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

அது தெரிந்ததுதானே என்றாள் அவள்.

"தெரிஞ்சா சொல்ல வேண்டியதுதானே?"

அவள் உள்ளே போய் அலமாரியில் சேலைகளுக்கு அடியிலிருந்து இரண்டு காகிதங்களை எடுத்து வந்து அவர் மடியில் வைத்தாள். இரண்டு தடவையும் தேர்வுக் குழு அனுப்பிய குறிப்புகள். இத்தனை நாளும் "போச்சு" என்ற ஒரு சொல்லோடு அவள் முடித்திருந்த விஷயம். முதலாவதில் 'உதவி கேட்கவில்லை' என்று இருந்தது. இரண்டாவதில் 'உதவி கேட்கத் தெரியவில்லை' என்று இருந்தது.

முதலாவது அவருக்குப் புரிந்தது. இரண்டாவது என்ன என்று கேட்டார்.

முதல் குறிப்பைப் பார்த்த பிறகு இரண்டாம் தடவை அவள் ஞாபகமாகச் சொல்லியிருக்கிறாள், "உதவிக்கு அழைப்பேன்" என்று. மூத்த பரிசோதகர் ஒருவர் உண்டு. முப்பது வருடத்தில் அவர் முகத்திலிருந்து எந்த மாணவரும் ஒரு குறிப்பும் கண்டுபிடித்ததில்லை. மாணவர்கள் அவருக்கு 'சுவர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். சுவர் கேட்டார்: "யாரை?" அவள், "யாரையாவது" என்றாள். சொல்லிவிட்டு, யாரும் வரும்வரை காத்திருக்காமல் தானே எல்லாவற்றையும் செய்யத் தொடங்கிவிட்டாள். டியூபை வைத்துக்கொண்டே மருந்தை ஏற்றி, மருந்தை ஏற்றிக்கொண்டே பையை அழுத்தி. நோயாளிக்குப் பதிலாகப் படுக்க வைத்திருந்த பொம்மைக்கு ஏழாவது நிமிடத்தில் இதயம் நின்றது.

லிஃப்ட்காரருக்கு ஆச்சரியமே இல்லை. கல்யாணமாகி மூன்று வருடம். அவள் அவரை இதுவரை எதற்கும் கூப்பிட்டதில்லை. போன வருடம் மர பீரோவை ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்கு, கால்களுக்கு அடியில் போர்வையை மடித்து வைத்துத் தனியாகத் தள்ளினாள். அவர் அடுத்த அறையில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டிருக்கலாமே என்று வந்து நின்றபோது, முடிந்துவிட்டதே என்றாள். அவள் சொன்னது உண்மைதான். அன்று ராத்திரி அவர் சரியாகச் சாப்பிடவில்லை, அதற்குக் காரணமும் சொல்லவில்லை. உண்மையில் அவள் அவரை எப்படியுமே கூப்பிட்டதில்லை. பெயரில்லை, உறவில்லை. அவர் இருக்கும் பக்கமாகத் திரும்பிச் சொல்வாள். அவர் வேறு அறையில் இருந்தால் நடந்து போய் எதிரே நிற்பாள்.

அவள் பிறந்த வீட்டில் கேட்டு ஆகப்போவது எதுவும் இல்லை. அம்மாவுக்கு இளைப்பு, அப்பா கடையில். பதினோரு வயதிலேயே அம்மாவின் மூச்சை எண்ணிக்கொண்டே அடுப்பை மூட்டக் கற்றுக்கொண்டாள். மயக்க மருந்துப் படிப்பு அன்றே தொடங்கிவிட்டது என்றுகூடச் சொல்லலாம். அதன் கோளாறும் கூடவே தொடங்கியிருந்தது.

லிஃப்ட்காரர் இடது கையை அவள் முன்னால் நீட்டினார். மோதிர விரல் பாதிதான் இருந்தது. கல்யாணத்தன்றே பார்த்திருந்தாள். கேட்பது மரியாதை இல்லை என்று மூன்று வருடமாகக் கேட்கவில்லை.

"இது எப்படிப் போச்சு தெரியுமா?"

தெரியாது என்று தலையாட்டினாள்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. லிஃப்ட் குழிக்குள் அவர் கை மாட்டிக்கொண்டபோது மேலே நான்கு பேர் நின்றிருந்தார்கள். அவர் "யாராவது ஆஃப் பண்ணுங்க" என்று சத்தம் போட்டார். நான்கு பேருக்கும் நன்றாகக் கேட்டது. நான்கு பேரும் மற்ற மூன்று பேரைப் பார்த்தார்கள்.

"யாராவதுன்னு ஒரு ஆளு எங்க கம்பெனில வேலை பாக்கல," என்றார். "அன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

அதற்குப் பிறகு அவர்கள் வேலையில் ஒரு முறை வந்தது. ஆளைப் பார்த்துக் கூப்பிட வேண்டும். ஒரு வேலையைச் சொல்ல வேண்டும். அவன் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். செய்தபின் செய்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும். சொல்லாதவரை செய்யாததாகவே அர்த்தம்.

அவள் அந்தப் பாதி விரலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "எங்க ஆஸ்பத்திரிலயும் அப்படி ஒரு ஆளு இல்ல," என்றாள்.

மறுநாளிலிருந்து அந்த வீட்டில் லிஃப்ட் கம்பெனிச் சட்டம் அமலுக்கு வந்தது. பரீட்சை முடியும்வரை மருமகள் தனியாக எதையும் தூக்கக் கூடாது, எட்டி எடுக்கக் கூடாது, நகர்த்தக் கூடாது. ஸ்டூலை அத்தை தன் அறையில் வைத்துப் பூட்டினார்.

முதல் நாள் சர்க்கரை டப்பா மேல் தட்டில் இருந்தது. அவள் அதன் கீழே நான்கு நிமிடம் நின்றாள். பிறகு, "டப்பா எட்டல" என்று தட்டிடம் சொன்னாள். தட்டு ஒன்றும் செய்யவில்லை. கூடத்தில் இருவரும் காதில் விழாத மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். அன்று மூவரும் காபியைச் சர்க்கரை இல்லாமல் குடித்தார்கள்.

அத்தையிடம் கேட்பது சீக்கிரம் வந்துவிட்டது. "அத்தை, கதவைத் திறங்க." "கதவைத் திறக்கணும், திறக்கிறேன். திறந்துட்டேன், பேப்பர்காரன்." அத்தைக்கு இது மிகவும் பிடித்துப்போனது. காய்கறிக்காரரிடமும் பழக்கப்படுத்தினார். "அரைக் கிலோ தக்காளி. திருப்பிச் சொல்லுப்பா." அவரும் சொன்னார். அத்தையை அவருக்குப் பல வருடமாகத் தெரியும்.

கணவரைக் கூப்பிடுவதுதான் முடியவில்லை. பத்து நாளாகச் சர்க்கரை டப்பா மேலேயே இருந்தது. பதினோராவது நாள் காலையில் அவர் ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது சமையலறையிலிருந்து இருமல் மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"ஏங்க."

அவர் ஒரு காலில் ஷூவோடு போய் நின்றார். அவள் முகம் சிவந்திருந்தது.

"மேல இருக்கிற டப்பாவை எடுங்க."

"மேல இருக்கிற டப்பாவை எடுக்கணும். எடுக்கிறேன்." எடுத்தார். "எடுத்துட்டேன்."

அன்று அவர் வேலைக்கு அரை மணி நேரம் தாமதமாகப் போனார். ஏன் என்று கேட்ட கூட்டாளியிடம், வீட்டில் டப்பா எடுக்க வேண்டியிருந்தது என்று சொன்னார். ஆறு வாரத்தில் அந்த வீட்டில் 'ஏங்க' சாதாரணமாகிவிட்டது. பல்புக்கு, பரணுக்கு, ஒரு தடவை வெறுமனே மழை பெய்கிறது வந்து பாருங்கள் என்பதற்கு. அத்தையின் மரணங்கள் வாரத்துக்கு ஒன்றாகக் குறைந்து, கடைசி வாரம் அவர் ஒரு தடவைகூடச் சாகவில்லை.

பரீட்சை ஒரு பழைய மருத்துவக் கல்லூரியின் இரண்டாம் மாடியில். அத்தையும் லிஃப்ட்காரரும் கீழே வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்கள்.

வைவா நன்றாகவே போனது. மரத்துப்போகப் போடும் ஊசி தவறி ரத்தத்தில் கலந்து வலிப்பு வந்தால் என்ன செய்வாய் என்றார்கள். ஊசியை நிறுத்தி, மூச்சைப் பார்த்து, வலிப்பை அடக்கி, கொழுப்புக் கரைசல், உடல் எடையில் கிலோவுக்கு ஒன்றரை மில்லி என்றாள். மயக்க வாயு ஒத்துக்கொள்ளாமல் உடம்பு கொதிக்கும் நிலைமையில் முதல் அறிகுறி காய்ச்சல்தானே என்று ஒருவர் வலை விரித்தார். இல்லை, காய்ச்சல் தாமதமாக வரும், மூச்சில் கார்பன் டை ஆக்சைடு ஏறுவதும் நாடி வேகமும்தான் முதலில் என்றாள். வலை விரித்தவர் அதை மடித்து வைத்துக்கொண்டார்.

செய்முறை அறையில் பொம்மை மேஜை மேல் படுத்திருந்தது. பக்கத்தில் மானிட்டர். ஒரு டெக்னீஷியன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நேரடியாகச் சொன்னால் தவிர எதையும் செய்யக்கூடாது என்பது அவருக்கு உத்தரவு. மதிப்பெண் தாளோடு ஓர் இளைய பரிசோதகி. அவருக்குப் பக்கத்து நாற்காலியில் சுவர்.

மயக்கம் கொடுக்கச் சொன்னார்கள். அவள் பொம்மையின் முகத்தில் மாஸ்க்கை வைத்து, "பல் செட்டைக் கழட்டியாச்சா அத்தை? நல்லா மூச்சு இழுத்து விடுங்க" என்றாள். பரிசோதகி தாளிலிருந்து தலையை உயர்த்தினார். அதற்குத் தாளில் கட்டம் இல்லாததால் மறுபடி குனிந்துகொண்டார்.

மூன்று நிமிடம் ஆக்சிஜன். மருந்து. டியூப் போகவில்லை. தலையைச் சரிசெய்து, கேமரா வைத்த கருவியால் மறுபடி முயன்றாள். போகவில்லை. மாஸ்க்கை வைத்துப் பையை அழுத்தினாள். நெஞ்சு எழவில்லை, கோடு படுத்தே கிடந்தது. மானிட்டரில் ஆக்சிஜன் தொண்ணூற்று நான்கு. எண்பத்தொன்பது. ஒவ்வொரு எண்ணுக்கும் மானிட்டரின் சத்தம் ஒரு சுருதி இறங்கியது.

அவள் கைகள் தாமாகவே அடுத்த பொருளை நோக்கிப் போகத் தொடங்கின. இரண்டு கைகள், ஐந்து வேலைகள். எண்பத்து நான்கு. இந்த இடத்தில்தான் அத்தை ஒரே மாதத்தில் பதினாறு தடவை செத்திருக்கிறார்.

கையை நிறுத்தினாள். தலையை நிமிர்த்தி, அறையில் இருந்தவர்களில் பெரியவரை நேராகப் பார்த்தாள்.

"ஏங்க, கொஞ்சம் இங்க வாங்க."

சுவர் எழுந்தது.

நாற்காலி பின்னால் நகர்ந்த சத்தம் கேட்டபோது அவர் ஏற்கெனவே மேஜை அருகில் வந்துவிட்டிருந்தார். வீட்டில் மனைவியிடம் முப்பத்தைந்து வருடமாகக் கேட்டுப் பழகிய அழைப்பு அது. அதற்கு எழுந்திருக்க அவர் மூளையைக் கேட்பதில்லை. பரிசோதகியின் பேனா நின்றது. வந்து நின்றுவிட்ட பிறகு கேட்பதற்கு அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

"என்ன பண்ணணும்?"

"ரெண்டு கையாலயும் மாஸ்க்கை இறுக்கிப் பிடிங்க. நான் பையை அழுத்தறேன். திருப்பிச் சொல்லுங்க."

"ரெண்டு கையாலயும் மாஸ்க்கை இறுக்கிப் பிடிக்கணும்," என்றார் சுவர். "பிடிக்கிறேன்."

பையை அழுத்தினாள், அப்போதும் நெஞ்சு எழவில்லை. அவள் டெக்னீஷியன் பக்கம் திரும்பினாள். "அண்ணே, தொண்டை மாஸ்க்கைக் கொடுங்க. அப்புறம் கழுத்துக் கத்தி செட்டைப் பிரிச்சு என் வலது பக்கம் வைங்க. திருப்பிச் சொல்லுங்க." அவர் சொன்னார், செய்தார், செய்துவிட்டேன் என்றும் சொன்னார். தொண்டைக்குள் வைத்த அந்த மாஸ்க்கும் பலன் தரவில்லை. எழுபத்தாறு. "டியூப் போகல, காற்று போகல. கழுத்துல வழி பண்ணப் போறேன்" என்று மூவருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு, கத்தியை வாங்கி, கண் மை பென்சிலால் எத்தனையோ தடவை கோடு போட்ட அதே இடத்தில் வைத்தாள். குரல்வளை மேட்டுக்குக் கீழே, இரண்டு குருத்தெலும்புகளுக்கு நடுவே. கத்தி, வளையும் குச்சி, அதன்மேல் சிறிய டியூப். பையை அழுத்தினாள். படுத்திருந்த கோடு எழுந்து, பெட்டி பெட்டியாக நடக்கத் தொடங்கியது.

நேரம் முடிந்ததற்கான மணி அடித்தது. மணி அடித்த பிறகும் சுவர் மாஸ்க்கைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

"விடலாமா?" என்று கேட்டார்.

"விடுங்க."

"விட்டுட்டேன்," என்றார்.

வெளியே வந்து கதவைச் சாத்தும்போது உள்ளே பரிசோதகி தயங்கித் தயங்கிப் பேசுவது கேட்டது. சார், நாம எழுந்திருக்கக் கூடாதுன்னு விதி இருக்கு. அதற்குச் சுவரின் குரல்: "நான் எங்கேம்மா எழுந்தேன்? கூப்பிட்டாங்க."

கதவு சாத்திக்கொண்டது. மீதியை அவளால் கேட்க முடியவில்லை.

கீழே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். பரிசோதகரை 'ஏங்க' என்று கூப்பிட்டுவிட்டேன் என்றாள். அத்தை கொஞ்ச நேரம் யோசித்து, ஆள் எப்படி என்று கேட்டார். வயசானவர் என்றாள். அப்படியென்றால் பரவாயில்லை என்றார் அத்தை. லிஃப்ட்காரர் மட்டும், "வந்தாரா?" என்று கேட்டார். வந்தார் என்றாள். அவர் தலையாட்டினார்.

ஐந்து மணிக்கு இரண்டாம் மாடி அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டுவார்கள். ஐந்து மணிக்கு மாடியில் சலசலப்பு கேட்டது. போன இரண்டு தடவையும் அவள் யாரிடமும் சொல்லாமல் தனியாக ஏறிப் போய், தனியாகப் படித்து, பஸ் பிடித்துத் தனியாக வீட்டுக்கு வந்தவள். இப்போது எழுந்து நின்றாள். இரண்டு அடி வைத்தாள். திரும்பி வந்து அவர் எதிரே நின்றாள்.

"ஏங்க, என்னால மேல போக முடியல. நீங்க போய் என் நம்பரைப் பாருங்க."

"போய் உன் நம்பரைப் பாக்கணும்," என்றார். "போறேன்."

அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இருந்தது. அதன் சத்தத்தைக் கேட்டுவிட்டு அவர் படியிலேயே ஏறினார். ஆறு நிமிடம் ஆனது. அத்தை தன் கைப்பையிலிருந்து பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடித்துவிட்டு, இதற்கு இரண்டு மணி நேரம் கணக்கு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மருமகள் படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் இறங்கி வந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. எதிரே வந்து நின்றார்.

"பாத்துட்டேன்," என்றார்.

அவள் காத்திருந்தாள். அவரும் காத்திருந்தார். பார்க்கத்தான் சொல்லியிருந்தாள்.

"என்னன்னு சொல்லுங்க."

"என்னன்னு சொல்லணும். சொல்றேன்," என்றார். "பாஸ்."

அவள் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அத்தை அவள் முதுகைத் தடவிக்கொண்டே, தான் இனிமேல் சாக வேண்டியதில்லையா என்று மகனிடம் கேட்டார். வேண்டியதில்லை என்றார் அவர். அத்தை "ம்" என்றார். அந்த 'ம்'மில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது. காலண்டரில் மீதி மாதங்களை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

கேட்டை நோக்கி மூவரும் நடந்தார்கள். பாதி வழியில் அவள் நின்றாள்.

"ஏங்க, இந்தப் பையைப் பிடிங்க."

பையில் ஹால் டிக்கெட்டும் ஒரு கைக்குட்டையும்தான் இருந்தன. கனமே இல்லை. அது அவருக்கும் தெரியும்.

"பிடிக்கிறேன்," என்று நாலரை விரலால் வாங்கிக்கொண்டார்.